டார்கெட், டிரான்ஸ்ஃபர், போர்டு: வங்கி வேலை பற்றி வாசகர்கள் கேட்டவை

வங்கியில் வேலை செய்பவர்கள் எழுதுங்கள் என்று போன இதழில் கேட்டிருந்தேன், கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. எல்லாவற்றுக்கும் இங்கே பதில் சொல்ல இடமில்லை. வங்கிகளின் மனிதவளப் பிரிவிலும் பிறகு உள்தணிக்கையிலும் வேலை பார்த்தவள் என்ற முறையில், பலருக்கும் உதவக்கூடியவற்றை எடுத்துக்கொண்டேன். எழுதியவர்களின் பெயர், வங்கியின் பெயர், கிளை எல்லாவற்றையும் நீக்கியிருக்கிறேன், தயவுசெய்து யாரும் கேட்காதீர்கள்.

அக்கா, கோலாலம்பூரில் ஒரு வங்கிக் கிளையில் வாடிக்கையாளர் சேவையில் இருக்கிறேன். மாதா மாதம் இத்தனை காப்புறுதித் திட்டம் விற்றாக வேண்டும் என்று டார்கெட். ஒரு பாட்டி, முதிர்ந்துபோன ஃபிக்ஸட் டெபாசிட்டைப் புதுப்பிக்க வந்தார். தமிழ் மட்டும்தான் பேசுவார். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "உனக்குத்தான் தமிழ் தெரியுமே, பேசி முதலீட்டுக் காப்புறுதிக்கு மாத்திடு" என்றார். "வட்டி கூட வருமா பாப்பா?" என்று பாட்டி கேட்டபோது தலையாட்டிவிட்டேன். கையெழுத்தும் வாங்கியாயிற்று. மனசு கேட்கவில்லை. மேலே புகார் கொடுத்தால் என் வேலை போய்விடுமா? (செந்தூல் வாசகி)

தங்கச்சி, முதலில் பாட்டியின் பணத்தைப் பார்ப்போம், உங்கள் வேலையைப் பற்றி அப்புறம் பேசலாம், ஏனென்றால் பாட்டிக்குத்தான் நாள் எண்ணிக்கை ஓடிக்கொண்டிருக்கிறது. ஆயுள் காப்புறுதிப் பத்திரம் கைக்கு வந்த நாளிலிருந்து 15 நாளுக்குள் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிடலாம். இது அவருடைய உரிமை, காரணம் சொல்ல வேண்டியதில்லை. முதலீட்டுத் திட்டம் என்பதால் யூனிட் விலை ஏறி இறங்கியதற்கு ஏற்பத் தொகையில் கொஞ்சம் வித்தியாசம் வரலாம், ஆனால் பெரும்பகுதி திரும்பி வந்துவிடும். ஆகவே இன்றைக்கே பாட்டிக்குப் போன் செய்து, மகனையோ மகளையோ கூட்டிக்கொண்டு கிளைக்கு வரச் சொல்லுங்கள். இது டெபாசிட் இல்லை, காப்புறுதி, வட்டிக்கு உத்தரவாதம் கிடையாது, நடுவில் எடுத்தால் நஷ்டம் வரும் என்று அவர் முன்னால் தமிழில் தெளிவாகச் சொல்லுங்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: டெபாசிட்டாக இருந்தவரை ஒரு வங்கியில் ஒருவருக்கு 250,000 ரிங்கிட் வரை பிஐடிஎம் என்ற வைப்புத்தொகைக் காப்புறுதிக் கழகத்தின் பாதுகாப்பு இருந்தது, முதலீட்டு யூனிட்டுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. இதையெல்லாம் கேட்ட பிறகும் அவர் இந்தத் திட்டம்தான் வேண்டும் என்றால் அது அவர் முடிவு. கேட்காமல் போட்ட கையெழுத்தை நான் முடிவு என்று எடுத்துக்கொள்ள மாட்டேன்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். மேனேஜர் வாயால் சொன்னதை மேனேஜருக்கே மின்னஞ்சலில் எழுதுங்கள். கோபமாக எழுத வேண்டாம். "இன்ன தேதியில் நீங்கள் சொன்னபடி இந்த வாடிக்கையாளரிடம் இந்தத் திட்டம் பற்றிப் பேசினேன், அவருக்கு விவரம் சரியாகப் புரியவில்லை என்று நினைக்கிறேன், மறுபடி விளக்க வரச் சொல்லியிருக்கிறேன்" என்று மூன்று வரி போதும். நான் உள்தணிக்கையில் இருந்தபோது விசாரணைகளில் ஊழியரைக் காப்பாற்றியது பெரும்பாலும் இப்படிப்பட்ட மூன்று வரிகள்தான். வாய்ப்பேச்சில் எல்லோரும் எல்லாவற்றையும் மறுத்துவிடுவார்கள், கடைசியில் படிவத்தில் இருப்பது உங்கள் கையெழுத்து மட்டுமாக இருக்கும்.

மேனேஜர் கண்டுகொள்ளவில்லை என்றால் வங்கிக்குள்ளேயே முறைகேட்டைத் தெரிவிக்கும் வழி இருக்கிறது. மலேசியாவின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2016-இல் வெளியிட்ட நிறுவன ஆளுமை (நிறுவனத்தை நடத்தும், கண்காணிக்கும் முறை) விதிகளில், ஒவ்வொரு வங்கிக்கும் இப்படி ஒரு கொள்கை இருக்க வேண்டும், அது ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்கும் பொறுப்பு நிர்வாகத்தில் இல்லாத ஓர் இயக்குநரிடம் இருக்க வேண்டும் என்று இருக்கிறது. உங்கள் வங்கியின் இணையத் தளத்தில் அந்த முகவரி இருக்கும். கிளை மேனேஜரைத் தாண்டி, வட்டார மேனேஜரைத் தாண்டி, நேராகப் போர்டு (இயக்குநர் குழு) மட்டத்துக்குப் போகும் வழி அது. பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது, எச்.ஆர். ஆட்களும் சேரும் நாளில் காட்டும் ஸ்லைடோடு விட்டுவிடுகிறார்கள். எனக்கு அது பெரிய வருத்தம்.

ஒரு விஷயத்தில் மட்டும் மிகவும் கவனமாக இருங்கள். பாட்டியின் கணக்கு விவரத்தையோ படிவத்தையோ போனில் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் நண்பருக்கோ பத்திரிகைக்கோ, ஏன், எனக்கோகூட அனுப்பக் கூடாது. 2013-ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டத்தின் 133-ஆவது பிரிவு வாடிக்கையாளர் இரகசியத்தைப் பற்றியது, மீறினால் 5 ஆண்டு வரை சிறை, 10 மில்லியன் ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். நல்ல எண்ணத்தில் செய்தேன் என்பது அங்கே உதவாது. 2010-ஆம் ஆண்டு தகவல் தருவோர் பாதுகாப்புச் சட்டமும், போலீஸ், ஊழல் தடுப்பு ஆணையம் போன்ற அமலாக்க அமைப்பிடம் போய்ச் சொன்னால்தான் கைகொடுக்கும். ஃபேஸ்புக்கில் எழுதினால் அந்தப் பாதுகாப்பு கிடையாது.

வேலை போகுமா என்று கேட்டீர்கள். போகவே போகாது என்று நான் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் பேசாமல் இருந்தவர்களுக்கு என்ன ஆயிற்று என்று பாருங்கள். அமெரிக்காவில் வெல்ஸ் ஃபார்கோ வங்கி, ஒரு வாடிக்கையாளர் தலையில் 8 சேவையைக் கட்ட வேண்டும் என்று இலக்கு வைத்து ஓடியது. டார்கெட்டுக்குப் பயந்து ஊழியர்கள் வாடிக்கையாளருக்கே தெரியாமல் இலட்சக்கணக்கில் கணக்குகளைத் திறந்தார்கள். 2016 செப்டம்பரில் விஷயம் வெடித்து 185 மில்லியன் டாலர் அபராதம் விழுந்தபோது, அதற்குள்ளாகவே சுமார் 5,300 ஊழியர்கள் வேலையிலிருந்து நீக்கப்பட்டிருந்தார்கள், அதில் பெரும்பாலோர் கீழ்மட்டத்தில் இருந்தவர்கள். தலைமை நிர்வாகி அடுத்த மாதம்தான் விலகினார். வருடக்கணக்கில் கிளை கிளையாக ஆட்கள் நீக்கப்பட்டுக்கொண்டிருக்கிறார்கள், எச்.ஆர். கோப்புகளில் ஒவ்வொன்றும் தனித்தனி ஒழுங்குப் பிரச்சினையாகக் கிடக்கிறது, எல்லாவற்றையும் சேர்த்து வைத்து "நம் டார்கெட்டில்தான் கோளாறா?" என்று யாரும் போர்டு முன்னால் வைக்கவில்லை. வங்கியில் ஆளுமை என்றால் மாடியில் கண்ணாடி அறையில் நடக்கும் கூட்டம் என்று நினைக்கிறோம், உண்மையில் கவுண்டரில் இருக்கும் பெண்ணுக்கு எதற்காகப் போனஸ் கொடுக்கிறோம், அவள் முடியாது என்றால் என்ன செய்கிறோம் என்பதில்தான் அது இருக்கிறது. பயனீட்டாளரை நியாயமாக நடத்த வேண்டும் என்று பேங்க் நெகாரா 2019-இல் கொண்டுவந்த விதிகளும் அந்தப் பொறுப்பைப் போர்டின் மீதும் மூத்த நிர்வாகத்தின் மீதும்தான் வைக்கின்றன. உங்கள் மேனேஜரும் யாரோ கொடுத்த டார்கெட்டில்தான் மூச்சுத் திணறிக்கொண்டிருப்பார், அதனால்தான் புகாரை மேனேஜர் மீது மட்டும் எழுதாமல் டார்கெட் எப்படி இருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

நான் கருவூலப் பிரிவில் பரிவர்த்தனைகளை முடித்துக் கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். தைப்பூசத்துக்குப் பினாங்கு போக லீவு கேட்டால் யோசிக்கிறார்கள், ஆனால் ஜூனில் நான் கேட்காமலேயே தொடர்ச்சியாகக் கட்டாய லீவு போட்டுவிட்டார்கள். அந்த நாட்களில் கணினிக்குள் நுழையவும் முடியாதாம். என் மேல் சந்தேகமா அக்கா? (பிரிக்ஃபீல்ட்ஸ் வாசகர்)

சந்தேகம் இல்லை தம்பி. அதற்குப் பெயர் பிளாக் லீவ், பணத்தைக் கையாளும் இடத்தில் இருக்கும் எல்லோருக்கும் பொருந்தும். ஒரு ஆள் மேசையை விட்டு முழுசாக விலகி, அவர் வேலையை இன்னொருவர் செய்தால், மறைந்து கிடப்பது தானாக மேலே வரும். பக்கத்துச் சிங்கப்பூரில் நடந்ததுதான் இதற்குப் பாடம். நிக் லீசன் என்ற ஒருவரே பேரிங்ஸ் வங்கிக்காக வணிகமும் செய்தார், அந்த வணிகத்தின் கணக்கை முடிக்கும் பிரிவையும் அவரே பார்த்தார். நஷ்டத்தையெல்லாம் 88888 என்ற கணக்கில் ஒளித்து வைத்தார். இரண்டு வேலையையும் பிரியுங்கள் என்று 1994-இல் உள்தணிக்கை எழுதிக் கொடுத்தும் மேலிடம் அசையவில்லை. 1995 பிப்ரவரியில் 827 மில்லியன் பவுண்டு நஷ்டத்தில் இருநூறு வருடத்துக்கு மேல் பழமையான வங்கி மூழ்கியது, ஒரு பவுண்டுக்கு விற்றார்கள்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் கண்டுபிடித்த முறை என்று நினைக்க வேண்டாம். கோலாலம்பூர் லெபோ அம்பாங்கில் கிட்டங்கி வைத்து வட்டித் தொழில் நடத்திய நம் செட்டியார்களிடம் இதைவிடக் கெட்டியான ஏற்பாடு இருந்தது. செட்டிநாட்டில் இருக்கும் முதலாளி, சம்பளச் சீட்டு எழுதி ஏஜெண்டை மூன்று வருடத் தவணைக்குத்தான் இங்கே அனுப்புவார். தவணை முடியும்போது மாற்று ஏஜெண்டு வந்து பேரேட்டைப் புரட்டி, நிலுவையைச் சரிபார்த்து, கடன் வாங்கியவர்களை நேரில் பார்த்துப் பொறுப்பை எடுத்துக்கொள்வார், அதன் பிறகுதான் பழையவர் கப்பலேறுவார். கடல் தாண்டி இருக்கிற பணத்தை ஒரே ஆளிடம் காலமெல்லாம் விட்டுவைக்கக் கூடாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கீழே அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று படிப்படியாகத் தொழில் கற்றுத்தான் ஒருவர் ஏஜெண்டாக வருவார், அதாவது ஆள் எடுப்பதும் பயிற்சியும் கண்காணிப்பும் ஒரே ஏற்பாட்டுக்குள் இருந்தன. எனக்குத் தெரிந்த எத்தனையோ எச்.ஆர். பிரிவுகளில் இந்த மூன்றும் மூன்று மாடியில் இருக்கின்றன.

தைப்பூச லீவு வேறு விஷயம். பினாங்கிலும் கோலாலம்பூரிலும் அன்று பொது விடுமுறைதான், கூடுதல் நாள் வேண்டுமென்றால் ஆண்டுத் தொடக்கத்திலேயே போட்டு வையுங்கள். பிளாக் லீவை அந்த வாரத்துக்கு மாற்றிக் கேட்டும் பார்க்கலாம், அவர்களுக்கு வேண்டியது நீங்கள் தொடர்ந்து மேசையில் இல்லாமல் இருப்பதுதான், எந்த மாதம் என்பதில் பிடிவாதம் இருக்கக் காரணமில்லை.

ஓய்வு பெற்ற ஆசிரியர் நான். இரண்டு வங்கிகளில் கொஞ்சம் பங்கு வைத்திருக்கிறேன். ஆண்டறிக்கையில் "சுயேச்சை இயக்குநர்" என்று நிறையப் பேர் படம் போடுகிறார்கள். இவர்கள் யாருக்குச் சுயேச்சை? என் போன்றவர்கள் எதைப் பார்க்க வேண்டும்? (பட்டர்வொர்த் வாசகர்)

ஐயா, நிர்வாகத்துக்கும் பெரிய பங்குதாரர்களுக்கும் கட்டுப்படாதவர்கள் என்று அர்த்தம். பேங்க் நெகாரா விதிப்படி வங்கிப் போர்டில் பெரும்பான்மையோர் சுயேச்சை இயக்குநர்களாக இருக்க வேண்டும், நிர்வாகப் பதவியில் இருப்பவர் ஒருவருக்கு மேல் இருக்கக் கூடாது. தலைவராக வருபவர் முந்தைய 5 ஆண்டுகளில் அதே வங்கியின் தலைமை நிர்வாகியாக இருந்திருக்கக் கூடாது, தணிக்கை, இடர், நியமனம், ஊதியம் ஆகிய குழுக்களில் எதற்கும் அவர் தலைமை தாங்கவும் கூடாது. சுயேச்சை இயக்குநர் பொதுவாக 9 ஆண்டுக்கு மேல் நீடிக்கக் கூடாது என்றும் இருக்கிறது.

நீங்கள் படங்களைத் தாண்டிப் போய் வருகைப் பட்டியலைப் பாருங்கள். ஆண்டுக்கு 75 விழுக்காடு கூட்டங்களுக்காவது வந்திருக்க வேண்டும். பிறகு ஊதியப் பகுதி: மூத்த அதிகாரிகளின் போனஸில் எவ்வளவு உடனே கொடுக்கப்படுகிறது, எவ்வளவு பின்னால் தள்ளி வைக்கப்படுகிறது என்று போட்டிருப்பார்கள். தள்ளி வைப்பது ஏன் என்றால், இன்று கொடுத்த கடன் நல்ல கடனா கெட்ட கடனா என்று தெரிய சில வருடம் ஆகும், அதற்குள் போனஸை வாங்கிக்கொண்டு ஆள் வேறு வங்கிக்குப் போய்விடுவார். பிறகு, யார் விலகினார்கள் என்று பாருங்கள். இடர் மேலாண்மைத் தலைவரோ உள்தணிக்கைத் தலைவரோ அடிக்கடி மாறினால் நான் சும்மா இருக்க மாட்டேன், எழுந்து காரணம் கேட்பேன்.

பொதுக்கூட்டத்தில் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. 2016-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டப்படி இயக்குநர் கட்டணத்துக்குப் பங்குதாரர் ஒப்புதல் வேண்டும், கைதூக்கி விட்டுவிடாமல் அந்தத் தீர்மானத்தின்போது பேசுங்கள். சிறுபான்மைப் பங்குதாரர் கண்காணிப்புக் குழு பெரிய நிறுவனங்களுக்கு அனுப்பும் கேள்விகளைத் தன் தளத்தில் வெளியிடுகிறது, எப்படிக் கேட்பது என்று பழக அது நல்ல இடம். கேட்காமல் விட்டால் செலவு பங்குதாரர் தலையில்தான் விழும். ஆம்பேங்க் குழுமம் 1எம்டிபி என்ற அரசாங்க முதலீட்டு நிறுவனத்தின் ஊழல் தொடர்பில் 2021-இல் அரசாங்கத்துக்கு 2.83 பில்லியன் ரிங்கிட் கொடுக்க ஒப்புக்கொண்டதே, அது யார் பணம் என்று யோசியுங்கள்.

வங்கியில் எச்சரிக்கைக் கடிதம் வாங்கினேன். பேசாமல் ராஜினாமா செய்துவிட்டு வேறு வங்கியில் சேர்ந்தால் தெரியாமல் போய்விடுமா?

தெரிந்துவிடும். நிதித்துறைக்குள் ஆள் எடுக்கும்போது முந்தைய நிறுவனத்திடம் விசாரித்தே ஆகவேண்டும் என்று பேங்க் நெகாரா விதித்திருக்கிறது. நேர்முகத்தில் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள், என்ன நடந்தது, எப்படித் தீர்ந்தது என்று. எச்சரிக்கைக் கடிதத்தோடு வந்தவரை எடுத்திருக்கிறோம், மறைத்தவரை எடுத்ததில்லை.

குழந்தை பிறந்து வேலைக்குத் திரும்பியிருக்கிறேன். காலையில் ஒரு மணி நேரம் தள்ளி வர அனுமதிப்பார்களா?

எழுத்தில் கேளுங்கள். 2023 ஜனவரி முதல் நடப்பில் இருக்கும் வேலைச் சட்டத் திருத்தப்படி, வேலை நேரத்தையோ இடத்தையோ மாற்றிக் கேட்டு விண்ணப்பிக்கலாம், முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தரவேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். கவுண்டர் வேலை என்றால் மறுக்க வாய்ப்பு உண்டு, பின் அலுவலகம் என்றால் கிடைக்கலாம்.

பினாங்கில் ஒரு பல்கலைக்கழகத்தில் நிதித்துறை இறுதி ஆண்டு படிக்கிறேன். கேபிள் (மேலிடத்துச் செல்வாக்கு) இல்லாமல் வங்கியில் மேலே போக முடியாது, அதிலும் தமிழன் என்றால் கவுண்டரோடு சரி என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். உண்மையா அக்கா? வேறு துறைக்குப் போகட்டுமா?

தம்பி, கேபிள் இல்லை என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். பதவி உயர்வுப் பட்டியல் மேசைக்கு வரும்போதே சில பெயர்கள் முன்கூட்டி முடிவாகியிருப்பதை நான் பார்த்திருக்கிறேன், அந்த அறையில் வாதாடியும் இருக்கிறேன். வேலைச் சட்டத்தின் 69எஃப் பிரிவின் கீழ், வேலையில் பாகுபாடு என்ற புகாரைத் தொழிலாளர் இலாகா தலைமை இயக்குநர் விசாரிக்கலாம் என்று இப்போது வந்திருக்கிறது. பாகுபாடு என்றால் எது என்று அந்தப் பிரிவு விளக்கவில்லை, இருந்தாலும் முன்பு அதுவும் இல்லை.

ஆனால் ஒரு வழி சொல்கிறேன், இதை நான் மனப்பூர்வமாக நம்புகிறேன். விற்பனைப் பக்கம் போகாமல் உள்தணிக்கை, இடர் மேலாண்மை, விதி இணக்கம் இந்த மூன்றில் ஒன்றைப் பிடியுங்கள். அங்கே எழுதுகிற அறிக்கை எழுதியவன் திறமையைக் காட்டிவிடும், யார் மகன் என்பது குறைவாகத்தான் உதவும். இவர்களின் ஊதியத்தை வியாபாரப் பிரிவின் இலாபத்தோடு முடிச்சுப் போடக் கூடாது என்று விதியே இருக்கிறது. ஆசிய பட்டய வங்கியாளர் கழகம் நடத்தும் தேர்வுகளில் தணிக்கைக்கும், இணக்கத்துக்கும், கடனுக்கும் தனித்தனிச் சான்றிதழ் உண்டு, வேலையில் சேர்ந்த முதல் வருடத்திலேயே ஆரம்பித்துவிடுங்கள், பெரும்பாலான வங்கிகள் கட்டணத்தையும் கொடுக்கும்.

அந்த வேலையின் கனத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 1983-இல் பேங்க் பூமிபுத்ராவின் துணை நிறுவனமான பிஎம்எஃப், ஹாங்காங்கில் கேரியன் குழுமத்துக்கு அள்ளிக் கொடுத்த கடன்களைத் தோண்டுவதற்காக ஜலீல் இப்ராஹிம் என்ற உள்தணிக்கையாளரை இங்கிருந்து அனுப்பினார்கள். அந்த ஜூலையில் அவர் கொலை செய்யப்பட்டார், உடல் வாழைத் தோட்டத்தில் கிடந்தது. அடுத்த ஆண்டு அரசாங்க எண்ணெய் நிறுவனமான பெட்ரோனாஸ் உள்ளே வந்து வங்கியைத் தூக்கி நிறுத்த வேண்டியிருந்தது. தலைமைக் கணக்காய்வாளர் அகமட் நோர்டின் தலைமையிலான குழு அதை விசாரித்து எழுதியது, கிடைத்தால் படியுங்கள். இந்த நாட்டில் வங்கி ஆளுமை பற்றிப் பேசும் எல்லோரும் ஜலீல் இப்ராஹிமின் பெயரைத் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

என் அம்மா பினாங்கு லெபோ பந்தாய் பக்கம் ஒரு வங்கியில் கிராணியாக (கிளார்க்) 27 வருடம் இருக்கிறார். கிளையைக் குறைக்கிறார்களாம். விஎஸ்எஸ் (இழப்பீட்டோடு விருப்ப விலகல்) எடுத்துக்கொண்டு போ, இல்லையென்றால் ஜொகூருக்கு மாற்றல் என்கிறார்கள். அப்பாவுக்கு டயாலிசிஸ் நடக்கிறது, அம்மாவால் நகர முடியாது. ராஜினாமா செய்துவிடலாம் என்று அழுகிறார். என்ன செய்யலாம்?

அம்மாவை ராஜினாமாக் கடிதத்தில் மட்டும் கையெழுத்துப் போட விடாதீர்கள். தானாக விலகினால் சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் வேலைக் காப்புறுதித் திட்டத்தில் ஒன்றும் கிடைக்காது, விஎஸ்எஸ்ஸில் போனால் கிடைக்கும், அதற்கும் வேலை போன 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

மாற்றல் உத்தரவு எழுத்தில் வந்ததா, வாய்ப்பேச்சா? வாய்ப்பேச்சு என்றால் எழுத்தில் கேளுங்கள். வேலை ஒப்பந்தத்தையும் யூனியன் கூட்டு ஒப்பந்தத்தையும் எடுத்து, மாற்றல் பற்றி என்ன இருக்கிறது என்று பாருங்கள். எங்கு வேண்டுமானாலும் மாற்றலாம் என்று வரி இருந்தாலும், நல்லெண்ணத்தில் செய்கிறார்களா, ஆளைத் துரத்துவதற்காகச் செய்கிறார்களா என்பதைத் தொழிலியல் நீதிமன்றம் பார்க்கும். அப்பாவின் டயாலிசிஸ் அட்டவணையையும் மருத்துவர் கடிதத்தையும் இணைத்து, அம்மா பெயரில் மனிதவளப் பிரிவுக்கு ஒரு கடிதம் கொடுங்கள், பட்டர்வொர்த்திலோ புக்கிட் மெர்தாஜாமிலோ உள்ள கிளைக்குப் போகத் தயார் என்று அதில் கட்டாயம் எழுதுங்கள். கிராணி என்றால் வங்கி ஊழியர் சங்கமான நூபேயில் உறுப்பினராக இருப்பார், கடிதத்தின் நகலோடு கிளைப் பொறுப்பாளரை நேரில் பாருங்கள்.

ஒப்பந்தத்தின் அடிப்படையையே முதலாளி மீறினால், வேலையை விட்டு வெளியேறி, என்னை நீக்கியதாகவே எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லலாம். 1988-இல் வோங் சீ ஹோங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த அளவுகோல் அது. ஆனால் அது கத்திமுனை, வக்கீலையோ யூனியனையோ கேட்காமல் அம்மா அதைச் செய்யக் கூடாது, செய்வதென்றால் மாதக்கணக்கில் தாமதிக்கவும் கூடாது. வேலை போய்விட்டால் 1967-ஆம் ஆண்டு தொழிலியல் உறவுச் சட்டத்தின் 20-ஆவது பிரிவின் கீழ் 60 நாளுக்குள் தொழிலியல் உறவு இலாகாவில் மனு கொடுக்க வேண்டும், ஒரு நாள் தாண்டினாலும் எடுக்க மாட்டார்கள். யூனியன் பேசிக்கொண்டிருக்கிறது, மேனேஜர் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார் என்பதற்காக அந்த நாட்கள் நிற்காது.

விஎஸ்எஸ் கடிதத்தில் உள்ள தொகை, பதில் சொல்லக் கடைசி நாள், மருத்துவக் காப்புறுதி எதுவரை நீடிக்கும், வீட்டுக் கடனுக்கு ஊழியர் வட்டி விகிதம் தொடருமா, இந்த நான்கையும் எழுதி அனுப்புங்கள். கடைசி நாள் நெருங்கிவிட்டதென்றால் அடுத்த இதழுக்குக் காத்திருக்காமல் அலுவலகத்துக்குப் போன் செய்யுங்கள், நான் திரும்ப அழைக்கிறேன்.